பேர் சொல்லாமல் நான் காட்டிய வீடு

கண்ணு,

இதைப் பேசிப் பதிவு செய்து உன் போனுக்கு அனுப்பியிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். உன் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். "வாய் இருக்கறப்ப கைக்கு எதுக்குங்க வேலை வெக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைப் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு வேறு காட்டினாள். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் இங்கிலீஷில் கோட்டை விட்டவன் நான். அதற்குப் பிறகு டிக்கெட் எண்ணையும் ஜாதகக் கட்டத்தையும் தவிர நீளமாக எதையும் எழுதியதில்லை. ஆனாலும் காகிதம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். பேசினதை அடிக்க முடியாது, எழுதினதை அடிக்கலாம். இது விளங்குவதற்கு எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகியிருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ சிங்கப்பூர் போகிறாய். பெட்டி கட்டுகிறேன் என்று வீடு முழுக்க இறைத்து வைத்திருக்கிறாய். நேரில் உட்கார்ந்து சொன்னால் பாதியில் நீ சிரிப்பாய், இல்லாவிட்டால் நான் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். அதுவும் தவிர, நான் செய்த தப்பை ஊரே கேட்டது. அப்படியிருக்கும்போது உனக்குச் சொல்ல வேண்டிய நன்றியை மட்டும் வீட்டுக்குள் ரகசியமாகச் சொல்லி முடித்துக்கொள்வது முறையில்லை. அதனால்தான் இது அச்சில் வரட்டும் என்று எழுதுகிறேன்.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த அட்டூழியத்திலிருந்து தொடங்குகிறேன். சரவணம்பட்டியில் ஆபீஸ், ஏசி, வீட்டு வாசலுக்கே வண்டி. என்ன வேலை என்று கேட்டால், பாட்டு ஆப்பில் பாட்டோடு சேர்த்து இப்போது ஆளாளுக்குப் பேசிப் போடுகிறார்களே, பாட்காஸ்ட் என்று, அதில் புகார் வந்ததையெல்லாம் கேட்டுப் பார்த்து, இது இருக்கலாம், இது இருக்கக் கூடாது என்று பிரிக்கிற வேலை என்றாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உக்காந்து ஹெட்போன் மாட்டறதுக்குச் சம்பளமுங்க" என்று சொந்தக்காரர்களிடம் கேலி பேசினேன். நீ சாயங்காலம் வந்ததும் மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வாய். டிவியை நிறுத்தச் சொல்வாய். மாடிப்படியில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாய். உன் அம்மா எனக்கு முன்பே புரிந்துகொண்டு, நீ வருவதற்குள் சட்னி அரைத்து வைக்கப் பழகிவிட்டாள். நான்தான், "மகாராணி வந்தாச்சு, எல்லாரும் மூச்சு விடாம இருங்க" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தேன். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இலைச்சாறு குடி என்று ஒருத்தன் சொல்வதையும், பக்கத்து ஊர்க்காரனை வெட்டு என்று இன்னொருத்தன் சொல்வதையும் எட்டு மணி நேரம் காதில் வாங்கிவிட்டு வருகிற பெண்ணுக்கு மிக்ஸிச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதைவிடப் பெரிய கூத்து உன் ஜாதகத்தோடு சேர்த்து நான் கொடுத்த பயோடேட்டா. பன்னிரண்டு வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர், அதற்குப் பிறகு இந்தக் கொங்கு நாடு முழுக்கச் சுற்றுகிற கல்யாணத் தரகன். ஊரில் உள்ள பெண்ணுக்கெல்லாம் வேலையை எழுதத் தெரிந்த எனக்கு உன் வேலையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. 'இசைத் துறை' என்று எழுதிவிட்டேன். ஒரு குடும்பம் பார்க்க வந்தது. எந்த ஊர் என்று எழுதத் தொடங்கி நிறுத்திக்கொள்கிறேன். மாப்பிள்ளையின் அம்மா போண்டாவைக் கையில் எடுத்துக்கொண்டே, "கண்ணு, ஒரு பாட்டுப் பாடு சாமி, கேப்போம்" என்றார். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு அவரிடம் மரியாதையாக, "எனக்குப் பாடத் தெரியாதுங்க அத்தை. மத்தவங்க பேசறதுல எது தப்புன்னு பாத்து எடுக்கற வேலைங்க எனக்கு" என்றாய். அந்தம்மா போண்டாவைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார். அந்தச் சம்பந்தம் அதோடு சரி. உன் அம்மா பத்து நாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். கேட்டதாக நினைவில்லை. இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

உன் வேலை பற்றி எனக்கு முதன்முதலில் கொஞ்சம் மதிப்பு வந்தது நீ கேட்ட ஒரு கேள்வியால். அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "அப்பா, நம்ம பக்கம் ஒரு அம்மா குழந்தைகிட்ட 'கையை ஒடிச்சுப்போடுவேன்'னு சொன்னா அது மிரட்டறதுங்களா?" என்று கேட்டாய். உன் அம்மா, "அது வாரத்துக்கு ஏழு நாளும் நான் உன்னைச் சொன்னதுதான்" என்றாள். ஒரு பெண் தன் குழந்தைக்குக் கதை சொல்லிப் போட்ட பதிவை, வன்முறை என்று மெஷின் எடுத்து வைத்திருந்ததாம். இன்னொன்றில் ஒருத்தன் தனக்கு எதிராகச் சாட்சி சொன்னவரைப் பற்றிப் பேசி, "நல்லா இருக்கட்டுமுங்க, குடும்பத்தோட நல்லா இருக்கட்டுமுங்க, நாங்க பாத்துக்கறோமுங்க" என்று முடித்திருந்தானாம். மெஷின் அதை வாழ்த்து என்று விட்டுவிட்டது. நான் கையில் இருந்த உருண்டையை அப்படியே வைத்துவிட்டு, "அதை எடுக்கச் சொல்லு அம்மணி, அது வாழ்த்து இல்லை, நாள் குறிக்கறது" என்றேன். நீ மறுநாள் போய் அதை எடுக்க வைத்தாய். நம்மூரில் மரியாதையாகப் பேசியே என்னவெல்லாம் செய்ய முடியும் என்று உனக்கு அன்றைக்கு நான் பெருமையாகப் பாடம் எடுத்தேன். அதே பாடம் எனக்கே திரும்பி வரும் என்று நினைக்கவில்லை.

என் நிகழ்ச்சி ஆரம்பித்த கதை உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பெண்ணைப் பெற்றவர்கள் இருக்கிற வாட்ஸப் குழுக்களில் நான் குரல் பதிவு அனுப்புவது வழக்கம். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி எப்படி விசாரிக்க வேண்டும், டீக்கடையில் எதை நம்பலாம், பங்காளி சொன்னால் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று பேசி அனுப்புவேன். அது சுற்றிச் சுற்றிக் காந்திபுரத்தில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிற கிஷோர் தம்பியின் காதுக்குப் போயிற்று. "அண்ணா, உங்க வாய்க்கு ஒரு மைக் வேணுமுங்க" என்று வந்து நின்றான். 'ஏனுங்க, ஜாதகம் வந்திருக்குதுங்க' என்று பெயர் வைத்தோம். ஈரோட்டிலிருந்து மேட்டுப்பாளையம் வரை கேட்டார்கள். காய்கறி ஏற்றுகிற லாரியில் போடுகிறார்கள், தறிக்கூடத்தில் போடுகிறார்கள் என்று தம்பி சொல்லச் சொல்ல எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் நான் ஒரு வார்த்தை பேசியதும் முன்னால் நின்றவர் திரும்பி, "நீங்க ஜாதகத்துக்காரருங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு நான் ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அந்தப் பாட்டு ஆப் வந்தது. இனிமேல் நம் நிகழ்ச்சி அவர்களிடம் மட்டும்தான் வரும், வேறு எங்கேயும் வரக் கூடாது, வாட்ஸப்பில்கூடப் பேசி அனுப்பக் கூடாது. இதற்கு எக்ஸ்க்ளூசிவ் என்று பெயர் என்றான் தம்பி. "என்ற வாயைக் குத்தகைக்கு எடுத்திருக்காங்க புள்ள" என்று உன் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். "முப்பது வருசமா எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் ஓடிட்டிருந்துது, அப்ப யாரும் ஒப்பந்தம் போட வரலையே" என்றாள். நீ மட்டும் சிரிக்கவில்லை. உன் ஆபீஸ் வேலை செய்து கொடுப்பது அதே ஆப்புக்கு. மறுநாளே மேலதிகாரியிடம் போய், அது என் அப்பா நிகழ்ச்சி, அதில் எந்தப் புகார் வந்தாலும் என்னிடம் தரக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். எனக்கு அது வருத்தமாகக்கூட இருந்தது. மகள் உள்ளே இருப்பது ஒரு பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான்.

இப்போது அந்த எபிசோடுக்கு வருகிறேன். அதில் என்ன சொன்னேன் என்பதைத் திரும்பச் சொல்ல மாட்டேன். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய விஷயம். முன்பொரு காலத்தில் அவளுக்கு வந்த ஒரு சம்பந்தத்துக்காக நான் விசாரிக்கப் போனபோது கேள்விப்பட்டது. பாதி டீக்கடையில் கிடைத்தது, மீதி என் சொந்தச் சரக்கு. சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. அதில் எனக்கு ஏகப் பெருமை, நான் நாகரிகமான ஆள் என்று. ஆனால் கண்டக்டராக இருந்து தரகனானவனுக்கு ஒரு வீட்டைப் பற்றிச் சொல்வது என்றால் வேறு எப்படி வரும்? எந்தப் பஸ்ஸில் ஏறி, எந்த ஸ்டாப்பில் இறங்கி, எந்தப் பக்கம் திரும்பி, கிணறு எங்கே, கேட் எப்படி, வாசலில் என்ன நிற்கும். நாங்கள் வீட்டைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான், அடுத்தவருக்குச் சொல்வதும் அப்படித்தான். கதை ருசியாக இருக்கட்டும் என்று அத்தனையும் சொல்லியிருக்கிறேன். கீழே வந்த கருத்துகளில், "யாருன்னு புரிஞ்சு போச்சுங்க" என்று சிரிக்கிற பொம்மை போட்டு வரிசையாக எழுதியிருந்தார்கள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

நீ சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாய். "அப்பா, அந்தப் பொண்ணு யாருன்னு எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"ஒரு குஞ்சுக்கும் தெரியாது. பேரு சொன்னேனா? ஊரு சொன்னேனா? உங்க ஆபீஸ்லயே பாத்து விட்டுட்டாங்கன்னு தம்பி சொன்னான்."

"விட்டுட்டாங்க. யாரோ புகார் குடுத்திருக்காங்க. கேட்டவரு தமிழ் தெரிஞ்சவருதான், ஆனா நம்ம பக்கம் இல்லை. பேரு இல்லை, நம்பர் இல்லை, விலாசம் இல்லை. விதிப்படி சரிதான்."

"அப்பறம் என்ன?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. ஞாயித்துக்கிழமை வண்டில ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமா?"

மகள் ஊர் சுற்றக் கூப்பிடுகிறாள் என்று நான் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு பேருக்கும் ஹெல்மெட். நீ காதில் இயர்போன் ஒன்றை மாட்டிக்கொண்டாய். எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு, "நீங்க வழி சொல்லப்படாது. நீங்க ஏற்கெனவே சொன்னதைக் கேட்டுத்தான் ஓட்டப்போறேன்" என்றாய். கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. எந்தத் திசையில் போனோம், எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை எழுதவில்லை. நீ பிறந்தது வளர்ந்தது எல்லாம் கோயமுத்தூர். நாம் போன ஊரை நீ அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு ஸ்டாப்பில் வேகத்தைக் குறைத்தாய். திரும்பினாய். அடுத்த வளைவில் தயங்கினாய், எபிசோடைக் கொஞ்சம் பின்னால் ஓட்டிக் கேட்டாய், மறுபடி திரும்பினாய். "வேண்டாங் கண்ணு, வண்டியைத் திருப்பு" என்று உன் முதுகில் தட்டினேன். நீ திருப்பவில்லை. நேராக அந்த வீட்டுக் கேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாய். யாரிடமும் ஒரு வார்த்தை வழி கேட்கவில்லை.

கேட்டைத் திறந்துகொண்டு அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். "ஏனுங்க, யாரைப் பாக்கோணுமுங்க?" என்றார். நீ பெட்ரோல் பங்க் எங்கே என்று சமாளித்தாய். நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. என் முகம் அவருக்கு மறந்திருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் போச்சு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்தக் குரலைத் தெரியாதவர்கள் குறைவு என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேனே, அந்தப் பெருமை என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. "வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிச்சுப்போட்டுப் போங்க" என்று உள்ளே போய்ச் சொம்பு நிறையக் கொண்டு வந்தார். ஹெல்மெட்டின் கண்ணாடியை மட்டும் தூக்கி, சட்டையெல்லாம் நனைய நான் தண்ணீர் குடித்த லட்சணத்தை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். "பின்னால இருக்கறவரு பேச மாட்டாருங்களா?" என்று கேட்டார். "அப்பாவுக்குத் தொண்டை சரியில்லீங்க" என்றாய். "அடடா, அப்படீன்னா பச்சத்தண்ணி குடுத்துப்போட்டனே! இருங்க, சுடுதண்ணி வெச்சுத் தாரேன், ரெண்டு நிமிசந்தான்" என்று உள்ளே ஓடப் பார்த்தவரை நீதான் நிறுத்தினாய். அவர் விடவில்லை. "வாசலெல்லாம் இப்படிக் கெடக்குதேன்னு நெனைக்காதீங்க. புள்ளைக்கு நல்ல காரியம் வருது, அதுதான் ஊட்டுக்கு வெள்ளையடிக்கறோம்" என்று முகமெல்லாம் பூரித்துச் சொன்னார். அவளுக்குப் புதிதாக ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. என் பேச்சு அதுவரை அந்த வீட்டுக்கு வந்து சேரவில்லை. வழியில் வந்துகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது நீ திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். வீட்டுக்கு வந்து கிஷோர் தம்பிக்குப் போன் செய்தேன். "அண்ணா, அதுதானுங்க இருக்கறதுலயே நல்லா ஓடுது. ஒப்பந்தப்படி நம்மளா எடுக்க முடியாது. எடுங்கன்னு வம்பு பண்ணினா மொத்த நிகழ்ச்சியும் போயிரும்" என்றான். இதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் கை கூசுகிறது. நான் உடனே சரி என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்று போனை வைத்தேன். அன்று மிச்சப் பொழுதெல்லாம் யோசித்தேன். எல்லாரும் பேசுவதைத்தானே பேசினேன், தானாக மறந்து போகும், அந்த அம்மா பாட்காஸ்ட் கேட்கிற ஆள் மாதிரி தெரியவில்லை, இப்படியெல்லாம். பஸ் ஸ்டாண்டில் திரும்பிப் பார்த்த அந்த ஒரு முகத்துக்காக இன்னொரு வீட்டுக் கல்யாணத்தைப் பணயம் வைக்க உன் அப்பா தயாராகத்தான் இருந்தான். இது உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் நானே என் கையால் எழுத வேண்டும்.

மறுநாள் காலையில் நீ ஆபீஸுக்குக் கிளம்பும்போது என் முன்னால் ஒரு டம்ளரை வைத்தாய். ஆவி பறந்தது. காபி என்று எடுத்தேன். வெறும் சுடுதண்ணீர். "தொண்டைக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். அதைக் குடித்து முடித்ததும் தம்பிக்குப் போன் செய்து, ஒப்பந்தம் போனால் போகட்டும் என்றேன்.

அவன் கேட்டும் ஆப்காரர்கள் உடனே எடுக்கவில்லை. அப்படியானால் கேட்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாமே, நானும் கேட்கிறவன்தானே என்று தோன்றியது. உன்னை உதவிக்குக் கூப்பிட்டேன். "நான் இதுல கை வெக்கப்படாதுங்கப்பா. நீங்களே எழுதுங்க" என்று அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். ஒற்றை விரலால் நானே தட்டினேன். என்ன குற்றம் என்று ஆப் கட்டம் கட்டமாகக் கேட்டது. வெறுப்புப் பேச்சா, வன்முறையா, ஆபாசமா, திருட்டுப் பாட்டா? நான் செய்தது எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. கடைசியில் 'மற்றவை' என்று இருந்ததில் எழுதினேன்: "இதில் பேசுகிறவன் பாதி பொய் சொல்கிறான். பேர் சொல்லாமலே வீட்டைக் காட்டிவிட்டான். அவன் சொன்ன வழியில் போனால் போய்ச் சேரலாம். நான் போய்ப் பார்த்தேன். எனக்கு எப்படித் தெரியும் என்றால், பேசினவன் நான்தான்." இப்படி ஒரு புகாரை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள்.

நீயும் சும்மா இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த எபிசோடைத் தொட உனக்கு அனுமதி இல்லை. ஆனால் விதி தப்பு என்று சொல்ல உரிமை இருக்கிறது என்று மேலதிகாரிக்கு எழுதினாய். எங்கள் பக்கம் ஒரு கிணற்றைச் சொன்னால் அது பேர் சொன்ன மாதிரி, ஒரு கேட்டைச் சொன்னால் விலாசம் சொன்ன மாதிரி, இதைக் கண்டுபிடிக்க அந்தந்த மண்ணின் காது வேண்டும் என்று எழுதினாய். எக்ஸ்க்ளூசிவ் நிகழ்ச்சி மேல் இப்படி எழுதினால் உன் வேலைக்கே ஆபத்து என்று கூட வேலை செய்கிறவர்கள் பயமுறுத்தினார்களாம். ஆதாரம் என்ன என்று கேட்டதற்கு, "கேட்டுக்கிட்டே வண்டி ஓட்டினேனுங்க, ஊட்டுக்கே போய்ச் சேந்துட்டேன்" என்றாயாம். நாலாம் நாள் அந்த எபிசோடை எடுத்தார்கள். ஒப்பந்தமும் முடிந்தது, நிகழ்ச்சியும் நின்றது. அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள்தான் இப்போது உன்னைச் சிங்கப்பூருக்குக் கூப்பிடுகிறார்கள், மற்றவர்களுக்கு இப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுக்க.

எடுத்த பிறகும் காற்றில் போனது போனதுதான். யாரெல்லாம் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் முதலில், தரகர்களுக்குள் விசாரித்துத் தெரிந்துகொண்டு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். "நான் பேசினதுல பாதி நானா சேத்துச் சொன்னதுங்க, மீதி டீக்கடைப் பேச்சுங்க. என்ற வார்த்தையை வெச்சு அந்தப் புள்ளையை எடை போட்டுப்போடாதீங்க" என்றேன். தரகன் தன் வாயால் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் அவனிடம் அடுத்த ஜாதகத்தை யார் கொடுப்பார்கள்? கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். பிறகு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன், ஹெல்மெட் இல்லாமல், பஸ்ஸில். அந்த அம்மா கேட்டைத் திறந்தார். நான் வணக்கம் சொல்வதற்குள், சட்டையை வைத்தோ நான் நின்ற விதத்தை வைத்தோ கண்டுபிடித்துவிட்டார். "அன்னிக்கு வண்டில வந்தவருதானுங்களே? தொண்டை சரியாயிருச்சுங்களா?" என்றார். கண்ணு, நான் வாழ்க்கையில் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். சில்லறை கொடுக்காமல் வாங்கியிருக்கிறேன், ஜாதகத்தை மாற்றிக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். அந்த விசாரிப்பு மாதிரி எதுவும் என்னைத் தாக்கியதில்லை. சரியாகிவிட்டதுங்க என்று சொல்லி, நான் யார் என்பதையும் சொன்னேன். அந்த முகத்தில் இருந்த சிரிப்பு எப்படி இறங்கியது என்பதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. நின்றேன். அப்புறம் அவர் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

நீ சிங்கப்பூர் போய் என்ன செய்ய வேண்டும் என்று அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் அப்பன் என்றால் சும்மா இருக்க முடியாது. நாள் முழுக்கக் கேட்க வைத்தால் முடியாது என்று சொல். காதுக்கும் ஓய்வு வேண்டும். அங்கே வேறு பாஷைக்காரர்கள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஒரு பேச்சைக் கேட்டு முகம் சுளித்தால், உனக்குப் புரியாவிட்டாலும் ஏன் என்று கேள். அவர்கள் ஊர்க் கிணறு அவர்களுக்குத்தான் தெரியும். கடுமையான நாளாக இருந்தால் வீட்டுக்குப் போன் செய், பேசத் தேவையில்லை. மாடிப்படியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொள். நாங்களும் இந்தப் பக்கம் சும்மா இருப்போம். உன் அம்மா மிக்ஸி போட மாட்டாள். நானும் பேசாமல் இருக்கப் பழகி வருகிறேன், கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. போன வாரம் பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில், "அந்தக் குடும்பம் எப்படீங்க?" என்று ஒருவர் என் காதைக் கடித்தார். "அவங்களையே கேளுங்க" என்றேன். அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

இந்தக் கடிதத்தின் முதல் படியை உன்னிடம் கொடுத்தேன். இரண்டு இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாய். பார்த்தால், அந்த வாசலில் நின்ற மரத்தை எழுதியிருக்கிறேன். இவ்வளவும் நடந்த பிறகும், கை தானாக எழுதியிருக்கிறது. இன்னொரு வட்டம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை, ஆனாலும் அடித்துவிட்டேன். உன்னிடம் காட்டச் சொன்னது அந்தப் பெண்தான். நீ செய்ததையெல்லாம் அவளிடம் சொல்லி, இப்படி ஒன்று எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்க. ஆனா அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னால உங்க புள்ளைகிட்டக் காட்டிப்போடுங்க. அந்த அக்கா சரின்னா சரி" என்றாள். என்னை நம்பாதவள் உன்னை நம்பினாள். அதைவிடப் பெரிய பேர் எனக்கு எந்த மைக்கும் வாங்கித் தரவில்லை அம்மணி. உனக்கு அப்பன் என்று ஒரு வாசலில் நிற்க முடிந்தது. அதற்குத்தான் இந்த நன்றி.

அவள் கல்யாணம் என்ன ஆயிற்று என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். அதைச் சொன்னால் அதுவும் ஒரு அடையாளம். அவள் நன்றாக இருக்கிறாள், அவ்வளவுதான். அன்றைக்கு நான் கிளம்பும்போது கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அவள் என்னிடம் இன்னொன்றும் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "என்னங்க சொன்னா?" என்று மூன்று தடவை கேட்டாள். நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்கு முன்பாக இருந்தால், அதை வைத்து நான் இரண்டு எபிசோடு பேசியிருப்பேன்.

அது என்னிடம் இருக்கிறது, கண்ணு. என்னிடம் மட்டும்.

உன் அப்பா